மரத்தடிக்கு எந்த மூடாக்கு? கொளுத்தும் முன் கொஞ்சம் யோசிப்போம்



சித்திரை மாதக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்த பிறகு, ஒரு குழுவின் பொருளாளர் அக்கா எழுந்தார். "உள்கடன் வாங்கிப் பத்து தென்னங்கன்னு, ரெண்டு ஒட்டு மா, ரெண்டு எலுமிச்சை வச்சேன். கஜா புயல்ல போன மரத்துக்குப் பதிலா வச்சது ஒரு தடவை காஞ்சு போச்சு. இது ரெண்டாவது தடவை. இதுலயும் பாதி போச்சு. தண்ணி ஊத்தாம இல்லை. இப்ப கன்னு இல்லை, தவணை மட்டும் கட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார். கூட்டத்தில் யாரும் பதில் பேசவில்லை. உட்கார்ந்திருந்தவர்களில் பல பேருக்கு அதே கதைதான்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த அந்தப் புயலை நம்ம பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் யாரும் மறக்க முடியாது. ஒரே ராத்திரியில் தோப்பு தோப்பாகச் சாய்ந்தது. அதற்குப் பிறகு கன்று வைக்காத வீடு இல்லை. ஆனால் வைத்த கன்றில் எத்தனை நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

மறுநாள் அந்த அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வாசலும் கொல்லையும் அத்தனை சுத்தம். மருந்துக்கு ஒரு சருகு கிடையாது. காலையிலும் சாயங்காலமும் இரண்டு வேளை கூட்டுகிறார்கள். கன்றுகளின் அடி மண் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். பாதி உள்ளே இறங்கவே இல்லை, பாத்தியைத் தாண்டி ஓடிவிட்டது. மீதியும் மத்தியான வெயிலில் ஆவியாகிப் போகும். கொல்லை மூலையில் கூட்டிக் கொளுத்திய சாம்பல் முழங்கால் உயரத்துக்கு மேடாகக் கிடந்தது. "அக்கா, நீங்க தண்ணி ஊத்துறது கன்னுக்கு இல்லை, சூரியனுக்கு" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப என்னதான் செய்யணும், சொல்லு" என்று திண்ணையில் உட்கார்ந்தார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எல்லோருக்கும் எழுதுகிறேன்.

மூடாக்கு என்ன செய்கிறது?

மரத்தடி மண்ணை இலை தழையால் போர்த்தி வைப்பதுதான் மூடாக்கு. இது புதுசாக யாரும் கண்டுபிடித்தது இல்லை. காட்டில் மரத்தடியை யார் கூட்டுகிறார்கள்? விழுந்த இலை விழுந்த இடத்திலேயே கிடந்து மக்குகிறது. அந்தச் சருகை விலக்கிக் கையை விட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலிலும் மண் குளுமையாக, புட்டு மாவு மாதிரி பொலபொலவென்று இருக்கும். 2013-ல் மறைந்த நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் மூடாக்கைப் பற்றிப் பேசினார். சுபாஷ் பாலேக்கர் சொல்லும் ஜீரோ பட்ஜெட் விவசாயத்திலும் நாலு தூண்களில் ஒன்று மூடாக்கு.

வெயில் நேராக மண்ணில் விழாததால் ஈரம் தங்குகிறது. மழைத்துளி மண்ணை அடித்து இறுக்குவதில்லை. அடியில் வெளிச்சம் இல்லாததால் களை முளைக்கத் திணறுகிறது. கீழ்ப்பகுதி மெல்ல மெல்ல மக்கி உரமாகிறது. அந்த ஈரத்துக்கும் இரைக்கும் மண்புழு மேலே வந்து, மண்ணில் ஓட்டை போட்டுப் போகிறது. அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீரும் காற்றும் வேருக்குப் போகிறது. இதில் நாம் கூலி கொடுத்துச் செய்யும் வேலை எத்தனை இருக்கிறது பாருங்கள்: தண்ணீர் கட்டுவது, களை எடுப்பது, கொத்தி விடுவது, உரம் வைப்பது. அத்தனையையும் தீக்குச்சி போட்டுக் கொளுத்திவிட்டு, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறோம்.

நம்ம பக்கம் கிடைப்பதில் எது நல்லது?

முதலில் தேங்காய் உரிமட்டை. தென்னைக்கு இதைப்போல மூடாக்கு வேறு இல்லை. சீக்கிரம் மக்காது, காற்றில் பறக்காது, ஈரத்தைப் பிடித்து வைக்கும், சாம்பல் சத்தும் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது இது: மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர், அதாவது ஆறு அடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து, அதில் சுமார் 100 மட்டைகளைப் பரப்ப வேண்டும். மட்டை கிடைக்காவிட்டால் காய்ந்த தென்னை ஓலை 15 போடலாம். இல்லையென்றால் நார்க்கழிவை 10 செண்டிமீட்டர் உயரத்துக்குப் போடலாம். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. சத்து உறிஞ்சும் வேரில் பெரும்பகுதி அந்த ஆறு அடி வட்டத்துக்குள்ளேதான் இருக்கிறது. அதனால்தான் அந்தக் கணக்கு.

இங்கே பல பேர் ஒரு தவறு செய்கிறார்கள். மேலே பரப்பும்போது மட்டையின் முதுகு வானத்தைப் பார்க்க வேண்டும், குழி மண்ணைப் பார்க்க வேண்டும். குப்புறக் கவிழ்த்தது மாதிரி. குழி மேலே இருந்தால் மழை பெய்ததும் ஒவ்வொரு மட்டையும் ஒரு கிண்ணம் ஆகிவிடும், கொசு முட்டை போடும். 2006-ல் சிக்குன்குனியா வந்து ஊரே கைகால் வலியோடு கிடந்தது நினைவிருக்கும். டெங்குவும் அதே கொசுவால்தான் வருகிறது. ஆனால் மட்டையை மண்ணுக்குள் புதைப்பதாக இருந்தால் நேர் எதிர். மரத்திலிருந்து ஐந்து அடி தள்ளி, ஒரு அடி அகலம் இரண்டு அடி ஆழத்தில் வட்டமாகக் குழி எடுத்து, குழிவான பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மண் போட்டு மூடவேண்டும். உள்ளே அது தண்ணீர்த் தொட்டி மாதிரி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐந்தாறு வருஷத்துக்குப் பலன் இருக்கும். மேலே போட்டால் கவிழ்த்து, உள்ளே போட்டால் நிமிர்த்தி. இதை மட்டும் மனசில் வையுங்கள்.

"மட்டையை நார் ஆலைக்காரன் காசு கொடுத்து வாங்கிட்டுப் போறானே, அதை ஏன் மரத்தடியில போடணும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் சொல்வது, வளர்ந்த மரத்துக்கு ஓலையும் சருகும் போடுங்கள். கன்றுக்கும் ஒட்டு மாவுக்கும் மட்டும் மட்டையை எடுத்து வையுங்கள். ஒரு கன்று செத்தால் போகிற காசோடு ஒப்பிட்டால் மட்டைக் காசு பெரிதில்லை.

அடுத்து நார்க்கழிவு. நம்ம பக்கம் மஞ்சித் தூள் என்று சொல்வோம். தன் எடையைப் போல ஐந்து மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பச்சைத் தூளைத் தென்னைக்கு மேலாகப் போடுவதில் குற்றம் இல்லை. ஆனால் கன்று நடும் குழியில் மண்ணோடு கலக்காதீர்கள். அது மக்குவதற்கு மண்ணிலிருந்து தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், கன்று மஞ்சளடிக்கும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த தூள் என்றால் உப்பும் சேர்ந்து வரும். எலுமிச்சை மாதிரி நாசூக்கான கன்றுகளுக்குச் சிப்பிக்காளான் வித்து போட்டு மக்க வைத்த தூள்தான் நல்லது. ஒரு டன் தூளுக்கு ஐந்து கிலோ யூரியாவும் ஒன்றரைக் கிலோ காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு, நிழலில் ஈரம் காயாமல் வைக்கச் சொல்கிறார்கள். ஒரு வீட்டுக்கு இது அதிகம். குழுவாகச் சேர்ந்தால் செய்யலாம்.

கரும்புச் சோகை கிடைக்கிற ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பழமரத்துக்கு அருமையான மூடாக்கு. வயலிலேயே கொளுத்துவார்கள், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். சோகையின் ஓரம் கையைக் கிழிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அள்ளுங்கள்.

பச்சைத் தழைகளில் கிளைரிசிடியாவைத்தான் நான் முதலில் சொல்வேன். வேலியோரத்தில் குச்சியை நட்டாலே வந்துவிடும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், சீக்கிரம் மக்கித் தழைச்சத்து கொடுக்கும். வேலியைச் சுற்றி வைத்துவிட்டால் மூடாக்குக்கு வேறு எங்கும் போக வேண்டாம். புங்கன், வேம்பு, ஆவாரை, எருக்கு, நொச்சி, கொழிஞ்சி எல்லாமே நல்லதுதான். பச்சையாகக் குவித்தால் சூடேறி நாற்றமடிக்கும். ஒரு நாள் வெயிலில் வாடவிட்டுப் பரப்புங்கள். பச்சைத் தழை சத்து கொடுக்கும், ஆனால் இரண்டு மாதத்தில் காணாமல் போகும். காய்ந்த சருகு சத்து குறைவு, ஆனால் நின்று வேலை செய்யும். கீழே தழை, மேலே சருகு என்று போட்டால் இரண்டும் கிடைக்கும்.

மா, பலா, தேக்குச் சருகு, சவுக்குச் சருகு எல்லாம் தாராளமாகப் போடலாம். பெரிய இலைகள் ஒன்றன்மேல் ஒன்று அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டால் மழைத்தண்ணீர் உள்ளே போகாது. காலால் மிதித்து நொறுக்கி, குச்சி தும்போடு கலந்து போடுங்கள்.

வைக்கோலைப் பற்றி என் கருத்து வேறு. மூடாக்குக்கு அது நல்லதுதான். ஆனால் மாடு வைத்திருக்கிற வீட்டில் மாட்டு வாயில் போக வேண்டியதை மரத்தடியில் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோல், மாடு தின்று கழித்த காடி மீதி, இவற்றைப் போடுங்கள். சோளத்தட்டைக்கும் இதே கணக்கு.

யோசித்துப் போட வேண்டியவை

நெல் உமி ஆலையில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். தனியாகப் போட்டால் ஆடிக்காற்றில் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், மக்கவும் வெகுநாள் ஆகும். சருகோடு கலந்து, மேலே ஓலை போட்டு அமுக்குங்கள். மரத்தூள், இழைப்பகத் தூள் போடலாம். ஆனால் மெல்லிசாக, மேலாக மட்டும். மண்ணில் கொத்திவிடக் கூடாது. பச்சை மஞ்சித் தூளுக்குச் சொன்ன காரணமேதான். மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைத் தின்று மக்க வைக்கத் தழைச்சத்து வேண்டும். அதை உங்கள் மரத்தின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே போட்டு இலை வெளுத்திருந்தால், ஒரு பங்கு கோமியத்துக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து அந்த வட்டத்தில் ஊற்றிப் பாருங்கள்.

தைலமரச் சருகை இளங்கன்றுக்கு நான் போடுவதில்லை. மக்கத் தாமதமாகும், எண்ணெய் இருப்பதால் தீயும் சட்டென்று பிடிக்கும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்கினால் மட்டும் போடுங்கள். பூத்துவிட்டால் நீங்களே விதை தூவியது போல ஆகும். தோல் அரிப்பு இருப்பவர்கள் அதைக் கையால் தொடவே வேண்டாம். கோரை, அருகு இவற்றின் கிழங்கும் வேரும் மூடாக்கில் வந்துவிடக் கூடாது.

வாழை மரத்துக்கு அதன் இலையும் சருகுமே போதும். ஆனால் வெட்டிய தண்டை நீளவாக்கில் பிளந்து தாய்மரத்தடியில் போடாதீர்கள். வாழைக் கூன்வண்டைப் பிடிக்க வைக்கும் பொறியே அந்தப் பிளந்த தண்டுதான். பொறி என்றால் தினம் வந்து வண்டைப் பொறுக்குவோம். மூடாக்கு என்றால் யார் பார்க்கப் போகிறோம்? வண்டுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். பொடியாக நறுக்கி வெயிலில் காயவைத்துப் போடலாம்.

பழைய சாக்கு, பாலிதீன் தாள் போட்டு மூடுகிறவர்களும் இருக்கிறார்கள். காய்கறி வயலில் சொட்டுநீரோடு போடும் நிலப்போர்வை வேறு. வீட்டு மரத்துக்கு அது வேண்டாம். வெயிலில் நைந்து துண்டு துண்டாக மண்ணோடு கலந்துவிடும், மாடு தின்று வைக்கும், மண்ணுக்கு ஒரு சத்தும் சேராது.

நான் கொன்ற எலுமிச்சை

ஒரு பாவத்தை ஒத்துக்கொள்கிறேன். மூடாக்கு நல்லது என்று கேள்விப்பட்ட புதிதில், காய்த்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டு எலுமிச்சைக்கு ஆசை ஆசையாகச் சருகும் சாணமும் அள்ளி, தண்டைச் சுற்றி இடுப்பளவு குவித்துவிட்டேன். ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க அது ஊறிக் கிடந்தது. தையில் இலை மஞ்சளாகி உதிர்ந்தது. சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சாணம் போட்டேன். விலக்கிப் பார்த்தபோது அடித்தண்டில் பட்டை அழுகி, பிசின் வடிந்து, விரலால் தொட்டாலே உரிந்து வந்தது. பங்குனிக்குள் மரம் போய்விட்டது. வருஷம் முழுக்க ஊறுகாய்க்குப் பழம் கொடுத்த மரம்.

வேர் ஈரத்தில் இருக்கப் பிறந்தது. தண்டின் பட்டை காற்றில் இருக்கப் பிறந்தது. இதுதான் எனக்கு அப்போது தெரியவில்லை. ஆகவே மூடாக்கு எப்போதும் தண்டைத் தொடக் கூடாது. இளங்கன்றுக்கு நாலு விரல் அளவு, வளர்ந்த மரத்துக்கு ஒரு சாண் அளவு இடம் விட்டு, மாவிளக்கில் குழி போடுவது மாதிரி நடுவில் பள்ளமாக வையுங்கள். எலுமிச்சை, நார்த்தை, பப்பாளி, முருங்கை இவை அழுகலுக்குச் சீக்கிரம் ஆளாகும். இன்னும் கொஞ்சம் தள்ளியே போடுங்கள், அடைமழைக் காலத்தில் சுத்தமாக விலக்கிவிடுங்கள். ஒட்டுச் செடியில் ஒட்டுப் போட்ட இடம் மூடாக்குக்கு மேலே வெளியே தெரிய வேண்டும். தென்னங்கன்றில் குருத்திலும் மட்டை இடுக்கிலும் மண்ணோ சருகோ விழுந்து கிடக்கக் கூடாது, குருத்து அழுகும்.

எவ்வளவு கனம் என்றால், நாலு விரலைச் சேர்த்து வைத்தால் ஏறக்குறைய மூன்று அங்குலம். தூள் மாதிரி பொடிசாக இருப்பது அதற்கு மேல் போகக் கூடாது, காற்று உள்ளே போகாது. தென்னைக்கு மட்டும் மஞ்சித் தூள் இன்னும் ஒரு விரல் கூடுதலாக இருக்கலாம். சருகு, சோகை மாதிரி கொரகொரப்பானது அரைச் சாண் கனத்துக்குக் கொஞ்சம் மேலே போடலாம், அது தானாக அமுங்கிப் பாதியாகும். எவ்வளவு அகலம் என்றால், உச்சி வெயிலில் மரத்தின் நிழல் எதுவரை விழுகிறதோ அதுவரை. நாம் எல்லோரும் தண்டுக்குப் பக்கத்தில்தான் தண்ணீர் ஊற்றுகிறோம், உரம் வைக்கிறோம். வளர்ந்த மாமரத்தில் தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர் அங்கே அதிகம் இல்லை, கிளை முடியும் எல்லையை ஒட்டித்தான் நிறைய இருக்கிறது.

எப்போது போடுவது?

காய்ந்த மண்ணின் மேல் மூடாக்கு போட்டால், காய்ச்சலைத்தான் மூடி வைக்கிறோம். லேசான தூறல் பெய்தால் அந்தத் தண்ணீரை மூடாக்கே குடித்துவிடும், மண்ணுக்கு ஒரு சொட்டும் போகாது. நமக்குப் பெரிய மழை ஐப்பசி முதல் மார்கழி வரை. மழை விட்டு, மண்ணில் ஈரம் நிறைந்திருக்கும் மார்கழிக் கடைசி அல்லது தை முதலில் போடுவதுதான் சரியான காலம். பொங்கலுக்கு வீடு கூட்டி வெள்ளையடிக்கும்போது சேருகிற சருகு முழுவதையும் போகியில் கொளுத்தாமல் மரத்தடிக்குக் கொண்டு போங்கள். இப்போதே வெயில் வந்துவிட்டது என்றாலும் விட வேண்டாம். முதலில் பாத்தி மண்ணை லேசாகக் கிளறி, வேர் அறாமல் பார்த்து, நிறையத் தண்ணீர் விட்டு, மறுநாள் மூடுங்கள். அதன்பிறகு தண்ணீர் ஊற்றும்போது மூடாக்கை ஒரு பக்கம் விலக்கி மண்ணில் ஊற்றுங்கள், மேலே தெளிக்காதீர்கள்.

பயம் எல்லாம் நியாயம்தான்

"பாம்பு வந்து படுக்கும்" என்பதுதான் எல்லாக் கூட்டத்திலும் முதலில் வரும் கேள்வி. அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. கண்ணாடி விரியன் காய்ந்த சருகோடு சருகாகக் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. சுவரை ஒட்டியும், கழிப்பறைக்குப் போகிற வழியிலும், பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் சருகு மூடாக்கு வேண்டாம். அங்கே இருக்கும் மரத்துக்கு மக்கிய மஞ்சித் தூள் மெல்லிசாகப் போட்டால் போதும், அதில் ஒளிய இடம் இல்லை. மற்ற இடங்களில் மூடாக்கைக் கிளறும் முன் நீளக் குச்சியால் தட்டுங்கள். வெறுங்கையை உள்ளே விடாதீர்கள். இருட்டிய பிறகு மரத்தடிக்கு டார்ச் இல்லாமல் போகாதீர்கள். மீறிக் கடித்துவிட்டால் கடித்த இடத்தைக் கீறுவதும் கயிறு கட்டுவதும் மந்திரிப்பதும் வேண்டாம். கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கறையான் வரும் என்பதும் உண்மைதான். அது பெரும்பாலும் செத்த பொருளைத்தான் தின்னும். ஆனால் கோடையில் மூடாக்கும் காய்ந்து கிடந்தால் இளங்கன்றின் பட்டையைப் பதம் பார்க்கும். ஈரம் காயாமல் வைப்பதும், தண்டருகே இடைவெளி விடுவதும்தான் முதல் காவல். கன்று வைக்கும்போதே குழியில் வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். மூடாக்கில் வேம்பு, எருக்கு, நொச்சித் தழை கலந்து போடுவது நம் பெரியவர்கள் வழக்கம்.

தென்னைக்காரர்கள் கறையானைவிடப் பயப்பட வேண்டியது காண்டாமிருக வண்டுக்கு. குருத்தைக் குடைந்து தின்று, ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் விசிறி மாதிரி வெட்டியது போலத் தெரிந்தால் அது இந்த வண்டின் வேலை. இது முட்டை போடுவது எருக்குழியிலும், குவித்த சாணத்திலும், மக்கிப்போன தென்னைத் தண்டிலும். புயலில் விழுந்த மரங்களை அப்புறப்படுத்த முடியாமல் தோப்பிலேயே விட்டவர்கள், வண்டுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரிதான். ஆகவே தென்னையடியில் சாணத்தையும் ஈரக் குப்பையையும் மேடாகக் குவிக்காதீர்கள், மெல்லிசாகப் பரப்புங்கள். உக்கிய தண்டுத் துண்டை மூடாக்காகப் போடவே கூடாது. எருக்குழியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளறி, சுருண்டு கிடக்கும் வெள்ளைக் கொழுத்த புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். தோப்பில் ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துப் பானைகளில் வைத்தால் வண்டு வந்து விழும். எருக்குழிக்குப் போட மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணமும் இருக்கிறது. வேளாண்மை அலுவலகத்திலோ வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ விசாரித்துப் பாருங்கள்.

அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிகிற மரம் இருந்தால் அதன் மட்டையையும் வேரையும் தண்டையும் வேறு மரத்துக்கு மூடாக்காக எடுத்துப் போகாதீர்கள். தஞ்சாவூர் வாடல் என்று நம் மாவட்டத்தின் பெயரையே வாங்கிய நோய் அது. 1952-லேயே இங்கே பார்த்திருக்கிறார்கள். அந்த மரத்தின் பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் ஓடவும் விடாதீர்கள். கோடையில் வறட்சி தாக்கினால் இந்த நோய் இன்னும் வேகம் எடுக்கும், அதனால் நன்றாக இருக்கும் மரங்களுக்கு மூடாக்கு இன்னும் அவசியம்.

தீப் பயமும் உண்டு. ரோட்டோர வேலியை ஒட்டிக் காய்ந்த சருகைப் பரப்பினால் ஒரு பீடித் துண்டு போதும். அந்தப் பக்கம் மட்டை போடுங்கள். தீபாவளி, கார்த்திகை நாட்களில் மூடாக்கின் மேல் தண்ணீர் தெளித்து வையுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. யாரும் கூட்டத்தில் எழுந்து சொல்ல மாட்டார்கள். "கொல்லையில சருகு கிடந்தா, மருமகள் சோம்பேறின்னு சொல்வாங்க." பொருளாளர் அக்காவும் கடைசியில் இதைத்தான் சொன்னார். கூட்டிப் பெருக்கிய வாசல்தான் நல்ல பொம்பளைக்கு அடையாளம் என்று பழகிவிட்டோம். வாசலைக் கூட்டுங்கள், நடக்கிற பாதையைக் கூட்டுங்கள், கோலம் போடுங்கள். மரத்தடி வட்டம் வேறு கணக்கு. அதன் ஓரத்தில் மட்டையையோ உடைந்த செங்கல்லையோ வரிசையாக வட்டமாக அடுக்கி, அதற்குள்ளே மட்டும் சருகை நிரப்புங்கள். சிதறிக் கிடந்தால்தான் அது குப்பை. கரை கட்டி வைத்தால் பாத்தி என்று பார்க்கிறவர்களுக்கே புரிந்துவிடும். அந்த அக்காவின் மாமியார் முதல் வாரம் முணுமுணுத்தாராம். இரண்டாவது வாரம் தன் முருங்கைக்கும் ஒரு வட்டம் போடச் சொன்னாராம்.

நம்பாதவர்கள் செய்து பாருங்கள்

நான் சொல்கிறேன் என்று நம்ப வேண்டாம். ஒரே வயசு, ஒரே ரகம் இரண்டு கன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மூடாக்கு, ஒன்றுக்கு வெறும் மண். இரண்டுக்கும் ஒரே நாளில் இரண்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளிலிருந்து தினம் காலையில் விரலைப் பாதி ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். மண்ணை உருட்டினால் உருண்டை நிற்கிறதா, உதிர்கிறதா? எந்தக் கன்றுக்கு எத்தனையாவது நாள் உருண்டை உதிர்ந்தது என்று எழுதி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சுவரில் கரிக்கோடு போடுங்கள். எத்தனை கோடு கூடுதலோ, அத்தனை நாள் குடம் தூக்குகிற வேலை உங்களுக்கு மிச்சம்.

பொருளாளர் அக்கா வீட்டில் பிழைத்த ஐந்து தென்னங்கன்றுக்கும் ஒரு ஒட்டு மாவுக்கும் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு காலையில் போட்டு முடித்தோம். மட்டை ஒருவர் வீட்டிலிருந்து, கிளைரிசிடியா இன்னொருவர் வேலியிலிருந்து. இப்படி ஒருவர் வீட்டில் மிஞ்சுவது இன்னொருவருக்கு வேண்டியிருக்கும். அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடித்த கையோடு, யார் வீட்டில் மட்டை, யாரிடம் சோகை, யார் வேலியில் தழை என்று தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

கோழியைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். ஆமாம், சீய்த்துத்தான் போடும். பரப்பிய மூடாக்கைச் சாயங்காலத்துக்குள் வாசல் வரை கொண்டு வந்துவிடும். பரப்பியதும் மேலே இரண்டு தென்னை ஓலையைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, ஓரத்தில் நாலு கருவேல முள்ளை ஊன்றி விடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் மூடாக்கு அமுங்கி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் முள்ளை எடுத்துவிடலாம்.